பாத்துக்கறோம்

"பாத்துக்கறோம் சார், கவலைப்படாதீங்க" என்று யாராவது சொன்னால் நிம்மதி வர வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒன்றரை வருடமாக இந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் வினோதமான சொல்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்றால் அக்கறை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் இப்போதைக்கு விட்டுத்தள்ளு. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்பது சொல்கிற ஆளுக்கே பல நேரம் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்களில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது, விட்டுப்போன பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைத்தது, பாத்ரூமில் எறும்பு மொய்ப்பதை என் அம்மா கவனித்துச் சொன்னது, அதைக் காதில் வாங்காமல் நாங்கள் இரண்டு நாளைக் கடத்தியது, கடைசியில் மூச்சு வாங்க வாங்க ஐசியூவுக்குத் தூக்கி ஓடியது எல்லாம் தனிக்கதை. இங்கே அது வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் சர்க்கரை வேறு, இது வேறு. மிட்டாய் தின்று வந்ததில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. மாத்திரை, வெந்தயம், பாகற்காய் எதற்கும் இது மசியாது. சாப்பிடும்போதெல்லாம் ஊசி, இரவில் ஒரு ஊசி, ஆயுள் முழுக்க. ஊசி கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலோ சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70க்குக் கீழே போனால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். இன்னும் இறங்கினால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அப்படி இறங்கும் நேரத்தில் அவளுக்கு மருந்து சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரையே மருந்து என்பதை ஊருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

மனைவிக்கு வங்கியில் வேலை, எனக்கு ஆடிட்டர் ஆபீஸில். அம்மாவுக்கு முழங்கால் வலி, நாள் முழுக்க அவளோடு ஓட முடியாது. காலையில் ப்ளே ஸ்கூல், மதியத்துக்கு மேல் டே கேர் என்று ஓர் இடம் வேண்டியிருந்தது.

எட்டுப் பக்கம்

முதலில் போன இடத்தில் மேடம் காபியெல்லாம் கொடுத்து மரியாதையாகப் பேசினார். "எங்ககிட்ட அதுக்கெல்லாம் ஃபெசிலிட்டி இல்லைங்க சார். மத்த பேரண்ட்ஸும் கேப்பாங்க" என்றார். என்ன கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். ஊசியோடு ஒரு பிள்ளை ஏன் என்று கேட்பார்கள். கோபம் வந்தது. ஆனால் இன்றைக்கு யோசித்தால் நாங்கள் போன மூன்று இடங்களில் நேர்மையானவர் அவர்தான் என்று படுகிறது. முடியாததை முடியாது என்று சொன்னார்.

இரண்டாவது இடம் பயங்கரம். "ஐயோ பாவம், சின்னக் குழந்தை. இனிப்பைக் கண்ணுலயே காட்டாம பாத்துக்கறோம் சார்!" முகத்தில் அத்தனை கருணை. அந்தக் கருணையில் விட்டால் பிள்ளை ஒரு நாள் மயங்கி விழுந்து கிடக்கும், சுற்றி நின்று சர்க்கரையை ஒளித்துவைப்பார்கள் என்று தோன்றியது. வெளியே வந்து வண்டியைக் கிளப்பும் வரை நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது இடத்தில் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே "பாத்துக்கறோம் சார்" வந்துவிட்டது. நிர்வாகி மேடத்துக்கு அவசரம், அட்மிஷன் நேரம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம், மாலை ஆறு மணி வரை வைத்துக்கொள்வார்கள், மதியம் மனைவி வந்து ஊசி போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். சேர்த்துவிட்டோம். ஆனால் அந்த வேகமான பாத்துக்கறோம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பேப்பரில் இல்லாத எதையும் நம்பாதே என்று பதினைந்து வருடம் பழக்கிவிட்ட வேலை என்னுடையது. அதனால் உட்கார்ந்து எழுதினேன்.

எட்டுப் பக்கம் வந்தது. ஆங்கிலத்தில். டாக்டர் கொடுத்த காகிதமெல்லாம் ஆங்கிலம், எனக்கு ஆபீஸில் கைபழகியதும் அதுதான். நோய் என்ன, எந்த வேளைக்கு எவ்வளவு இன்சுலின், சர்க்கரை இறங்கினால் என்ன அறிகுறி, ஏறினால் என்ன அறிகுறி, எந்த அளவில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி, நிறம் போட்டு, அடிக்குறிப்பு கொடுத்து எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்றார். நாலு ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தேன். நிர்வாகியிடம் ஒரு பிரதியைக் கொடுத்து இன்னொரு பிரதியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். தேதியோடு. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

11ஆவது வளைவு

சேலத்தில் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகாத பள்ளி உண்டா என்று தெரியவில்லை. வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலை. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் டே கேரிலும் கிளம்பினார்கள். ஏரி, மான் பூங்கா, மதியச் சாப்பாடு, நாலு மணிக்குத் திரும்பிவிடுவது. எனக்கு அனுப்ப மனசில்லை. "எல்லாப் பிள்ளைங்களும் போறப்ப இவ மட்டும் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவா?" என்றாள் மனைவி. நியாயம்தான். ஒரு பையில் மீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பவுடர், பிஸ்கட், எல்லாம் போட்டுக் கொடுத்தோம். மதிய ஊசிக்கு மனைவி அரை நாள் லீவு போட்டு மேலே வருவதாக ஏற்பாடு. எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தோம்.

வழக்கமாக ஏழரைக்குச் சாப்பிடுகிறவள் அன்று பரபரப்பில் எட்டு மணிக்குச் சாப்பிட்டாள். இரண்டரை இட்லி, அதற்கான ஊசி. எட்டரைக்கு வேன் கிளம்பியது. கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மேலே ஏற ஆரம்பித்தது. அந்தப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. நாங்கள் சின்ன வயதில் அதைக் கத்திக் கத்தி எண்ணிக்கொண்டே போவோம், இந்தப் பிள்ளைகளும் எண்ணியிருக்கிறார்கள். ஏழாவது வளைவில் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. ஒன்று எடுத்தால் போதுமே, வரிசையாக நாலு பேர். அதில் என் மகளும் ஒருத்தி.

அங்கேதான் நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்று நடந்தது. இரண்டரை இட்லிக்குப் போட்ட இன்சுலின் உள்ளே இருக்கிறது. இட்லி வெளியே வந்துவிட்டது. வேகமாக வேலை செய்யும் அந்த வகை இன்சுலின் போட்ட கால் மணியில் ஆரம்பித்து, ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். உள்ளே போன மருந்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இதைவிட மோசம், சர்க்கரை இறங்குகிற பிள்ளையும் மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். முகம் வெளுக்கும், சில்லென்று வேர்க்கும், தலை சாயும், கண் சொருகும். வேனில் அப்படி நாலு பிள்ளைகள் தலை சாய்ந்து கிடந்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கம். ஒருத்திக்கு வேறு.

பின்னால் மிஸ்ஸும் ஆயாம்மாவும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். "வாந்தி எடுத்த அசதி, தூங்கட்டும்" என்று மிஸ் சொல்லியிருக்கிறார். யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய் துடைத்துவிட்டுக்கொண்டு வந்தவர் என் மகளின் பின்கழுத்தில் கை வைத்ததும் நின்றுவிட்டார். மலைக்காற்று, ஜன்னல் திறந்திருக்கிறது, ஸ்வெட்டர் போட்ட பிள்ளைக்குக் கழுத்து சொதசொதவென்று நனைந்திருக்கிறது. "மிஸ்ஸு, இந்தப் புள்ளைக்கு வேர்க்குதுங்க" என்றிருக்கிறார். மிஸ்ஸுக்கு என் எட்டுப் பக்கம் ஞாபகம் வந்துவிட்டது. முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மீட்டர் எங்கே? பையில். பை எங்கே? வேனின் பின்னால், சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் அடியில். வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பாத்திரங்களை இறக்கி மிஸ் தேட ஆரம்பித்திருக்கிறார். நின்றது 11ஆவது வளைவை ஒட்டி. ஓரத்தில் ஒரு டீக்கடை.

ஆயாம்மா தேடவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கேட்டிருக்கிறார். ஒரு கிளாஸில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, "முழுங்கு கண்ணு, முழுங்கு" என்று சொல்லிச் சொல்லி, முழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். மிஸ் பையைக் கண்டுபிடித்து மீட்டரோடு ஓடிவந்து குத்திப் பார்த்தபோது 58 காட்டியது. அது சர்க்கரை உள்ளே போன பிறகு. அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கால் மணி கழித்து 81. அப்புறம் பிஸ்கட்.

எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு 20 வளைவும் ஏறினேன். ஏரிக்கரையில் பிள்ளைகள் வாத்துகளைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ எதுக்குப்பா வந்த?" என்று கேட்டாள். எனக்குக் கால் நடுங்கியது, பக்கத்தில் இருந்த திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆயாம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று மனைவியிடம் கேட்டேன். சேர்த்த முதல் வாரத்தில் ஒரு நாள் கேட்டில் நின்று சொன்னாளாம்: "ஆயாம்மா, இவளுக்குத் திடீர்னு வேர்த்துச் சோர்ந்து போனா சக்கரையக் குடுத்துருங்க. யாரையும் கேக்க வேணாம்." அவ்வளவுதான். மூன்று வாக்கியம்கூட முழுசாக இல்லை. என்னிடம் கையெழுத்து இருந்தது, அவளிடம் இது இருந்தது.

மூன்று மணிக்கு மேல்

திங்கட்கிழமை நான் சண்டை போடத்தான் போனேன். ஏன் பையைப் பின்னால் போட்டீர்கள், ஏன் தூங்கட்டும் என்றீர்கள் என்று கேட்பதற்கு வரிசையாக வைத்திருந்தேன். மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். நான் ஆரம்பித்ததுமே அழுதுவிட்டார். "நீங்க எழுதிக் குடுத்தபடிதான் சார் பண்ணப் பாத்தேன். மொதல்ல செக் பண்ணணும்னு போட்டிருக்கீங்களே." அலமாரியிலிருந்து லேமினேட் செய்த பிரதியை எடுத்துக் காட்டினார். மூன்றாம் பக்கம், கட்டத்துக்குள், முதல் வரி: சர்க்கரை அளவைச் சோதித்து உறுதிசெய்யவும். மீட்டர் கைவசம் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரை கொடுக்கவும் என்பதும் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், விதிவிலக்குகள் என்ற தலைப்பில், நாலாவது குறிப்பாக.

வேனில் உட்கார்ந்துகொண்டு யார் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டுவார்கள்?

நான் வாயடைத்து நின்றபோது பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா, தன்பாட்டுக்குச் சொல்வதுபோல், "மூணு மணிக்கு மேல மிஸ்ஸும் போயிருவாங்க சார். ஆறு மணி வரைக்கும் நான் மட்டுந்தானுங்க இருக்கேன். அந்தப் பேப்பர்ல எனக்கு என்ன எழுதியிருக்குதுங்க?" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. எட்டுப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. தினமும் மூன்று மணி நேரம் என் மகள் யார் கையில் இருக்கிறாளோ அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தக் காகிதத்தை நான் யாருக்கு எழுதினேன்? பிள்ளைக்கு ஏதாவது ஆனால், "நான் சொல்லியிருந்தேனே, இதோ கையெழுத்து" என்று காட்டுவதற்கு எழுதியிருக்கிறேன். ஆடிட் பேப்பர். நிர்வாகி மேடம் என்னை அனுப்பிவைக்க ஒரு பாத்துக்கறோம் சொன்னார். நான் என் பயத்தை அனுப்பிவைக்க எட்டுப் பக்கத்துக்கு ஒரு பாத்துக்கறோம் எழுதினேன். அவருடையது இலவசம், என்னுடையதற்கு லேமினேஷன் செலவு. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அலமாரிக் கதவின் உள்பக்கம்

புதுத் திட்டத்தை ஒரு சனிக்கிழமை மதியம் அங்கேயே உட்கார்ந்து போட்டோம். குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க நான், மனைவி, மிஸ். ஆயாம்மா நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்ததும் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

சர்க்கரை இறங்கினால் என்ன தெரியும் என்று பேச ஆரம்பித்தோம். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். வேர்வை, நடுக்கம், பசி, எரிச்சல். ஆயாம்மா குறுக்கிட்டு, "அதுக்கு முன்னாடியே தெரியுமுங்க. ஊஞ்சலுக்குச் சண்டை போட மாட்டா" என்றார். அவள் ஊஞ்சல் பைத்தியம். தன் முறை வரும்வரை அடுத்த பிள்ளையை நிம்மதியாக ஆடவிடமாட்டாள். அவள் பேசாமல் விட்டுக்கொடுத்தால் ஏதோ சரியில்லை, கையால் கொலுசைத் திருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள் என்றார். மிஸ்ஸும் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். பெற்றவர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் ஊஞ்சல் கிடையாது, எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வரிதான் இன்றைக்கும் தாளில் முதலில் இருக்கிறது: ஊஞ்சலை விட்டுக்கொடுத்தால் பார்க்கவும்.

மொத்தம் ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். மேலே அவள் படம். வேர்த்தால், சோர்ந்தால், விட்டுக்கொடுத்தால் சோதிக்கவும். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் தேடாமல் சர்க்கரை கொடுக்கவும். அவள் எடைக்கு டாக்டர் சொன்ன அளவு ஒன்றரை டீஸ்பூன். அந்த ஸ்பூனையே டப்பாவுக்குள் போட்டுவைத்தோம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரவிடும். கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. முழுங்க முடியாமல் இருந்தாலோ நினைவு இல்லாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குப் போன், அப்புறம்தான் எங்களுக்கு. இந்த வரிசையை எழுதும்போது ஆயாம்மா, "வலிப்பு வந்தா கையில சாவி குடுக்கோணுமில்லீங்க?" என்றார். எங்கள் பக்கம் இரும்பைக் கையில் திணிக்கும் வழக்கம் உண்டு. வேண்டாம் ஆயாம்மா, சாவி தேடுகிற நேரத்தில் 108ஐக் கூப்பிடுங்கள் என்றோம். நம்பினாரா என்று தெரியவில்லை, தலையாட்டினார். இது எட்டுப் பக்கத்தில் எந்த மூலையிலும் இல்லாத விஷயம். நேரில் உட்கார்ந்து பேசியிருக்காவிட்டால் வெளியே வந்தே இருக்காது.

"யாரையும் கேக்க வேணாம்" என்ற வரியை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னது நான்தான். சர்க்கரை கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, கொடுக்கலாமா என்கிற தயக்கம்தான் ஆளை நிறுத்திவைக்கிறது. தேவையில்லாமல் ஒரு தடவை கொடுத்துவிட்டால் அளவு கொஞ்ச நேரம் ஏறும், சரிக்கட்டிக்கொள்ளலாம். கொடுக்காமல் விட்டதை அப்படிச் சரிக்கட்ட முடியாது. மேடத்தையும் உட்காரவைத்து இதைச் சொல்லி, ஆயாம்மா கொடுத்ததற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டோம். இந்த முறை கையெழுத்து வாங்கவில்லை.

தாளை எங்கே ஒட்டுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் சண்டை. நான் வாசலுக்கு நேர் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி என்றேன். "எல்லார் கண்ணுலயும் பட்டா, பொறந்தநாள் பார்ட்டிக்கு ஒருத்தர் கூப்பிட மாட்டாங்க. அவ போட்டோவோட ஊருக்கே நோட்டீஸ் ஒட்டணுமா?" என்று கேட்டாள். நான் உயிரைப் பற்றிப் பேசுகிறேன், நீ பார்ட்டியைப் பற்றிப் பேசுகிறாயே என்றேன். தப்பான பேச்சு. நாலு வயதுப் பிள்ளைக்குப் பார்ட்டியும் உயிர்தான். கடைசியில் நொறுக்குத்தீனி வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். வேலை செய்கிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து தடவை அதைத் திறப்பார்கள், வெளியார் கண்ணுக்குப் படாது.

மே, ஜூனில் இன்னொன்று கற்றுக்கொண்டோம். மாம்பழக் காலம். ஒரு நாள் மதியம் மீட்டர் 300க்கு மேல் காட்டியது என்று அலறிக்கொண்டு போன் வந்தது. கையைக் கழுவி மறுபடி குத்திப் பார்த்தால் 140. மாம்பழம் பிசைந்த விரல். அந்தப் பொய் 300ஐ நம்பி இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கை கழுவிட்டுக் குத்தவும்" என்ற வரி அன்று பேனாவால் சேர்ந்தது. வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு தனிப் பத்தி: சர்க்கரை டப்பா ஆயாம்மாவின் தோள் பையில் மட்டும், மலை ஏறுகிற நாளில் எங்கள் டாக்டர் சொன்னபடி ஊசியின் அளவும் நேரமும் வேறு, ஏற்காட்டுப் பாதையில் ஏதாவது ஆனால் 10ஆவது வளைவுக்கு மேலே இருந்தால் மேலே அரசு மருத்துவமனைக்கு, அதற்குக் கீழே இருந்தால் சேலத்துக்கு. வளைவு எண்ணை வைத்து முடிவெடுக்கலாம் என்பது வேன் டிரைவரின் யோசனை. அவரையும் நான் முதலில் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

ஊசி போடும் வேலையை மட்டும் ஆயாம்மாவிடம் கேட்கவில்லை. அவர் செய்வார். கேட்டால் முடியாது என்று சொல்லக்கூடிய நிலையிலும் அவர் இல்லை, அதனாலேயே கேட்கவில்லை. அவருக்குக் கிடைக்கிற சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் அவருக்கு அவமானம், அந்த இடத்துக்கும் அவமானம், மாதாமாதம் ஃபீஸ் கட்டும் எனக்கும்தான். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் ஆளுக்கு இந்த ஊர் கொடுக்கும் கூலியைப் பற்றிப் பேசாமல் பராமரிப்புத் திட்டம் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அதில் ஒரு பொய் இருக்கத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோபிலியா, தலசீமியா உண்டு, டைப் 1 இல்லை. 2017இல் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி தந்தது. நல்லதுதான், என் மகள் பத்தாவது போக இன்னும் பத்து வருடம் இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் டைப் 1 பிள்ளைகளுக்கென்றே அரசுத் திட்டம் ஒன்று நடத்துகிறார்கள், பெயர் 'மிட்டாயி'. அந்தப் பெயரை வைத்தவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் சொன்னது. அந்தக் காப்பகத்தில் மூன்று மணிக்கு மேல் யார் இருப்பார் என்பதை எந்தச் சட்டமும் எழுதித்தராது.

கூழ்

போன ஆடியில் ஆயாம்மா ஒரு மாதம் லீவில் போய்விட்டார். மகளுக்குப் பிரசவம். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனையும் அந்த ஒரு மனுஷி தலையில்தான் ஏற்றி வைத்திருந்தோம் என்பது அவர் சொல்லிக்கொள்ள வந்தபோதுதான் உறைத்தது. அவர் எங்களைவிடத் தெளிவாக இருந்தார். தனக்குப் பதிலாக வரப்போகிற பெண்ணை இரண்டு நாள் முன்னதாகவே வரச்சொல்லி, அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துக் காட்டினார் என்று மிஸ் சொன்னார். டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவரச் சொல்லி நேரம் பார்த்தாராம். ஊஞ்சல் வரியை மட்டும் விளக்கவில்லையாம், "நீயே பாரு" என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாராம்.

ஆடிப் பண்டிகை சமயம். கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஊரே மஞ்சளாகக் கிடந்தது. மதியம் மூன்றே முக்காலுக்குப் போன். புது எண். எனக்கு நெஞ்சு அடைத்தது.

"சார், நான் டே கேர்ல புதுசா வந்திருக்கறனுங்க. பாப்பா நல்லாத்தான் இருக்குது, பயப்படாதீங்க. ஊஞ்சல்ல சண்டை போட்டுட்டிருக்குது. எதுத்த வீட்ல அம்மனுக்குக் கூழ் ஊத்தறாங்க, பிள்ளைங்களுக்குன்னு ஒரு குண்டா குடுத்து விட்டிருக்காங்க. எல்லாப் பிள்ளைங்களும் குடிக்குது, இதுவும் கேக்குது. பேப்பர்ல கூழைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே சார். குடுக்கட்டுமா?"

கம்பங்கூழா கேழ்வரகா என்று கேட்டேன். கேழ்வரகு, கொஞ்சம் நொய்யும் போட்டிருக்கிறது என்றார். எவ்வளவு கேட்கிறாள் என்றேன். உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்து, "இந்த சில்வர் டம்ளர்ல பாதிங்க, விரல்ல ரெண்டு கணுக்குக் கொஞ்சம் மேல" என்றார். இருங்கள், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.